வீட்டில் இல்லாத காப்பி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பெயர் போட வேண்டாம்.

நாங்கள் நான்கு பேர். மதுரையில் ஒரே பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டோம். ஒருத்தி அரசுப் பள்ளி டீச்சர். ஒருத்தி நர்ஸ். ஒருத்தி வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறாள். நான் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறேன். கொரோனா ஓய்ந்த சமயத்தில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டோம். பந்தியில் உட்கார்ந்து பேசியது போதவில்லை என்று அடுத்த சனிக்கிழமை ஒரு கடையில் காப்பி குடிக்கப் போனோம். அது அப்படியே வாரா வாரம் என்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு வாரமும் வேறு கடை. முறை வைத்து ஒருத்தி கடையைத் தேர்ந்தெடுப்பாள். வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் கடையின் பெயரும் தெருவும் வந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மிஞ்சிப்போனால் ஒன்றேகால் மணி நேரம். கோரிப்பாளையத்தில் நின்றுகொண்டே குடித்திருக்கிறோம், டவுன்ஹால் ரோட்டில் உட்கார்ந்து குடித்திருக்கிறோம், கே.கே. நகர் பக்கம் ஏ.சி. கஃபேக்கும் போயிருக்கிறோம்.

இப்போது சில சங்கடங்கள். என் மாமியார், "வீட்டுல இல்லாத காப்பியா கடையில கிடைக்குது?" என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார். கோபமாகக் கேட்பதில்லை. ஆனால் கேட்காமல் இருப்பதும் இல்லை. டீச்சர், "வாரா வாரம் வெட்டிப் பேச்சுதானே, உருப்படியா ஏதாவது செய்யலாம்டி, ஆளுக்கொரு புஸ்தகம் படிச்சிட்டு வருவோம், இல்லன்னா ஒரு சீட்டாவது போடுவோம்" என்கிறாள். போன மாதம் ஒரு பெரிய ஹோட்டலில் நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசர் வந்து, "ஃபேமிலி வெயிட் பண்றாங்க மேடம்" என்று எழுப்பிவிட்டுவிட்டார். அவமானமாக இருந்தது. இப்படி அலைவதை விட்டுவிட்டு நமக்கென்று ஒரே கடையைப் பிடித்துக்கொள்ளலாமே என்று நர்ஸ் சொல்கிறாள்.

தையல் கடைக்காரி ஒரு மாதமாக வரவில்லை. அவளுடைய மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறார். "வேலை கெடக்குடி" என்கிறாள். ஆனால் அதற்கு முன்பே, ஏ.சி. கஃபேயில் பில் வந்தபோது, "ஒரு ஜாக்கெட் கூலிடி இது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தோம்.

நாங்கள் செய்வது சரிதானா அக்கா? இதைத் தொடரலாமா? ஒரே கடையாக்கிவிடலாமா?

– வாசகி, மதுரை


அன்புள்ள மதுரைத் தோழிக்கு,

தொடருங்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவற்றை விரிவாகப் பேச வேண்டும்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கு நேரான பதில், கடையில் கிடைப்பது வீட்டில் கிடைக்காது என்பதுதான். உங்கள் வீடு எப்படியோ எனக்குத் தெரியாது. நான் பார்த்து வளர்ந்த வீடுகளில் ராத்திரியே ஃபில்டரில் பொடியை அழுத்தி வைப்பது ஒரு பெண். விடிவதற்கு முன்னால் வெந்நீர் ஊற்றி, டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பால் காய்ச்சி, பெரியவருக்குச் சர்க்கரை இல்லாமல், பிள்ளைகளுக்குப் பால் தூக்கலாக, வீட்டுக்காரருக்கு ஸ்ட்ராங்காக என்று ஆளுக்கு ஒரு விதமாகக் கலந்து கொடுப்பதும் அவளே. எல்லோரும் குடித்து முடித்த பிறகு, அதே பொடியில் இரண்டாவது தண்ணீர் விட்டு இறக்கிய டிகாக்‌ஷனில் தனக்கு ஒரு தம்ளர் கலந்துகொண்டு, இட்லிக் கொப்பரையைப் பார்த்தபடி நின்றுகொண்டே குடிப்பாள். அந்தப் பெண் ஒரு கடையில் உட்கார்ந்து "ஒரு காப்பி, சக்கரை கம்மி" என்று சொல்கிறாள். இன்னொருவர் முதல் டிகாக்‌ஷனில் நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து டபராவில் வைக்கிறார். குடித்து முடித்தால் அவள் தம்ளரைக் கழுவ வேண்டியதில்லை. வீட்டில் இல்லாத காப்பி இது.

உங்கள் மாமியார் கோபமில்லாமல் கேட்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியில் கொஞ்சம் ஏக்கமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். பழக்கமாக்க வேண்டாம், ஒரே ஒரு தடவை.

ஆண்களிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தினத்தந்தி 1942-ல் மதுரையில்தான் தொடங்கியது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு, அதிலிருந்து விவாதம் கிளம்பி, அதிலிருந்து அரசியல் கிளம்பி, ஒரு தலைமுறையே உலகத்தை அந்த பெஞ்சில் கற்றுக்கொண்டது. "இங்கு அரசியல் பேசாதீர்" என்று கடைக்காரர் எழுதி மாட்டும் அளவுக்குப் பேச்சு இருந்தது. அந்த பெஞ்சில் நம்முடைய அம்மாக்கள் உட்காரவில்லை. தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போனார்கள், அதையும் பெரும்பாலும் பிள்ளைகளை அனுப்பித்தான் வாங்கினார்கள்.

கொஞ்சம் வசதியான ஹோட்டல்களில் பெண்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. "ஃபேமிலி ரூம்" என்று பலகை மாட்டியிருப்பார்கள். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு போன ஹோட்டலில் அது கைகழுவும் இடத்தை ஒட்டி இருந்தது. இடுப்பளவு உயரத்தில் தொடங்கி முகத்தை மறைக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங் கதவு. உள்ளே நான்கு பேர் உட்காரும் மேஜை, மேலே ஒரு நாற்பது வாட் பல்பு. ஜன்னல் கிடையாது. சர்வர் கதவைத் தட்டிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவார். ஹாலில் சிரிப்பும் சத்தமுமாக இருக்கும். அம்மா அங்கே காப்பி குடித்துக்கொண்டே கதவின் அடியில் தெரிகிற கால்களை வைத்து வெளியே யார் போகிறார்கள் என்று பார்ப்பாள். வீட்டு ஆண் ஒருவர் கூட இருந்தால்தான் அந்த அறைகூட. நான்கு பெண்கள் தாங்களாக வந்து ஹால் நடுவில் உட்கார்ந்து காப்பி சொல்வது அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாத காரியம்.

காப்பி ஹோட்டலில் யார் யாரோடு உட்காரலாம் என்பது நம் நாட்டில் சும்மா தீர்ந்த விஷயம் அல்ல. சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபே என்ற ஹோட்டலின் பெயர்ப்பலகையில் "பிராமணாள்" என்ற சொல் இருந்ததை எதிர்த்து 1957-ல் பெரியார் போராட்டம் அறிவித்தார். தொண்டர்கள் நாள்தோறும் போய் நின்று கைதானார்கள். மாதக்கணக்கில் நடந்து, கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து போயிற்று. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பிறகும் எத்தனையோ காலம் இருந்தது. இருக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், காசு கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே தம்ளர் என்கிற கடை பல பேர் அடிபட்டும் ஜெயிலுக்குப் போயும் கிடைத்தது. நீங்கள் நான்கு பேரும் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே போய் உட்காருவதை நான் வெறும் பொழுதுபோக்காக நினைக்கவில்லை. பொழுதுபோக்காகவே இருந்தாலும் அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சரி, ஒரே கடையா, வேறு வேறு கடையா?

நான் வேறு வேறு கடையின் பக்கம். முதல் காரணம், கடையில் உங்களில் யாரும் விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை. ஒருத்தி வீட்டில் கூடினால் அவள் அடுக்களைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருப்பாள். அவள் வீட்டார் முன்னால் சில பேச்சுகளை எடுக்க முடியாது. யார் வீடு பெரியது, யார் வீட்டில் பலகாரம் செய்தார்கள், யார் வீட்டில் பிஸ்கட்டோடு முடித்தார்கள் என்ற கணக்கு மனதுக்குள் ஓட ஆரம்பிக்கும். ஒரே கடையாக்கினாலும் இதில் ஒரு பங்கு வந்துவிடும். அந்தக் கடை யாரோ ஒருத்தியின் வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சர்வருக்கு அவளைத்தான் தெரியும். வைகைக்கு வடக்கே கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று நிலையாகிவிட்டால் தெற்கே இருப்பவள் ஆயுசுக்கும் பாலம் தாண்டி வந்துகொண்டிருக்க வேண்டும். மாற்றி மாற்றிப் போகும்போது ஒருவாரம் அவளுக்கு அலைச்சல், ஒருவாரம் உங்களுக்கு.

இரண்டாவது காரணம் நான் என் கண்ணால் பார்த்தது. சென்னை கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. 1962-ல் தொடங்கியது. தோட்டக்கலைச் சங்கத்தின் நிலத்தில், பெரிய பெரிய மரங்களுக்கு அடியில். காரில் வந்தவர்கள் இறங்க வேண்டியதில்லை, கதவில் தட்டை மாட்டிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கார் இல்லாதவர்களுக்கு உள்ளே ஹால். மெடிக்கல் ரெப்புகள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள், பெண் பார்க்க வந்த குடும்பங்கள் என்று எல்லோரும் அங்கே இருப்பார்கள். ஒரு காப்பியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அலுவலகம் விட்டு நாங்கள் சில பேர் அங்கேதான் கூடுவோம். நாள் கிழமை என்று வைத்துக்கொண்டதில்லை. போனால் யாராவது இருப்பார்கள், அந்த நம்பிக்கைதான். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். 2010-ல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. பூங்கா நன்றாகவே இருக்கிறது. ஆனால் எங்கள் கூட்டம் அதோடு முடிந்தது. யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. அடுத்து எங்கே என்ற கேள்விக்குப் பதில் வருவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. பிறகு கல்யாணம், காரியம் என்று பார்த்துக்கொள்வதோடு சரி.

உங்களுக்கு இடம் மாறுகிறது, சனிக்கிழமை மாறுவதில்லை. ஒரு கடையை நாளைக்கே மூடினாலும் உங்கள் சந்திப்புக்கு ஒன்றும் ஆகாது. சனிக்கிழமையை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர்தான் வர முடிந்தது என்றால் இரண்டு பேர் குடித்துவிட்டு வாருங்கள். "எல்லோரும் வரக்கூடிய ஒரு நாளாகப் பார்த்து வைப்போம்" என்று தள்ளிப் போட்டால் அந்த நாள் வருவதே இல்லை.

மூன்றாவது காரணத்தைக் காப்பிப் பித்து உள்ளவள் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே தெருவில் இரண்டு கடைக் காப்பி ஒன்றுபோல இருப்பதில்லை. கவனித்திருக்கிறீர்களா? பொடிக் கலவையிலேயே ஆரம்பித்துவிடும். காப்பிக்கொட்டையோடு சிக்கரி சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்துப் பொடித்தது. அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும், அடிநாக்கில் ஒரு கசப்பு நிற்கும். விற்கிற கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டின் அளவையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எண்பதுக்கு இருபது போடுகிற கடைக்கும் அறுபதுக்கு நாற்பது போடுகிற கடைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். நிறம் கறுப்பாக இருக்கிறது, மணம் இல்லை என்றால் சிக்கரி கை ஓங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

அதன் பிறகு பீபெரியா, பிளான்டேஷனா என்பது. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் முகத்தோடு முகம் வைத்துத் தட்டையாக இருக்கும். கடைகளில் பிளான்டேஷன் என்று விற்பது பெரும்பாலும் இந்தத் தட்டைக் கொட்டைதான். சில பழங்களில் ஒன்றுதான் விளையும். அது உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி. உருண்டை என்பதால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வறுபடும் என்பார்கள் வறுப்பவர்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே பழனி மலையின் கீழ்ச்சரிவில் தாண்டிக்குடியில் காப்பி விளைகிறது. உங்கள் கடைக்காரர்களிடம் கொட்டை எந்த மலையிலிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சிலர் முகம் மலர்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேசுகிற கடையில் காப்பி நன்றாகத்தான் இருக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பால். தண்ணீர் கலக்காத பால், அப்போது காய்ச்சியது. காலையில் காய்ச்சியதைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்த பாலில் எந்தப் பொடியும் எடுபடாது. நின்று குடிக்கும் கடைகளில் காப்பி பிரமாதமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கூட்டம் நிற்காமல் வருவதால் பால் பழசாக நேரமில்லை, டிகாக்‌ஷனும் ஆறிப்போக நேரமில்லை. கோரிப்பாளையம் பக்கம் விசாலம் காப்பியில் மாஸ்டர் கை நிற்பதே இல்லை. கள்ளிப்பால் போலக் கெட்டியாக இருப்பதைக் கள்ளிச்சொட்டுக் காப்பி என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதைப் பார்க்க வேண்டுமென்றால் இப்படிப்பட்ட கடைகளுக்குத்தான் போக வேண்டும். அங்கே உட்கார முடியாது, உண்மை. அதனால் அந்த வாரம் குடித்துவிட்டு நடந்துகொண்டே பேசுங்கள். கடையை மாற்றுவதால் உங்கள் ஊரையே சுற்றி வருகிறீர்கள். சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரமாக ஓடும் தெருக்களில் நான்கு பெண்கள் சாவகாசமாக நடந்து பேச எத்தனை சந்தர்ப்பம் வாய்க்கிறது? கோயிலுக்கும் துணிக்கடைக்கும் போகிற வழியில் அவசரமாக நடந்திருப்பீர்கள், அவ்வளவுதான்.

பெரிய ஹோட்டலில் எழுப்பிவிட்டதைப் பற்றி. உங்களுக்கு ஏற்பட்ட அவமானம் நியாயமானது. பேசிக்கொண்டிருக்கிற வாடிக்கையாளரை எழுப்புவதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் நீங்கள் போன நேரம் சனிக்கிழமை ஐந்து மணி. டிபனுக்குக் கூட்டம் ஏறுகிற நேரம். டிபன் ஹோட்டலின் பிழைப்பு ஒரு மேஜையில் எத்தனை பந்தி எழுந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. நான்கு காப்பிக்கு ஒரு மணி நேரம் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கை பிசையத்தான் செய்யும். மூன்றரை மணிக்குப் போங்கள். சாப்பாடு முடிந்து, டிபன் சூடு பிடிக்காத நேரம். சர்வர்களே ஒரு தூணில் சாய்ந்து நிற்பார்கள். முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடாமல், காப்பியை ஒரு சுற்று, பிறகு ஒரு பஜ்ஜியோ வடையோ என்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். எழுந்திருக்கும்போது சர்வருக்கு ஏதாவது வையுங்கள், அடுத்த முறை அவரே இடம் பார்த்து உட்கார வைப்பார்.

நெடுநேரம் உட்கார விடுகிற காப்பிக் கடை எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மத்திய அரசின் காபி போர்டு நாடெங்கும் காப்பி ஹவுஸ்கள் நடத்திவந்தது. ஐம்பதுகளின் நடுவில் அவற்றை மூட ஆரம்பித்தார்கள். தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து நடத்துங்கள் என்றார். முரளி கஃபே போராட்டம் நடந்த அதே 1957-ல் பெங்களூரில் முதல் சங்கம் அமைந்தது. அடுத்த ஆண்டு திருச்சூரில். இன்றும் கேரளத்தில் எந்த ஊருக்குப் போனாலும் விசிறித் தலைப்பாகை வைத்த சர்வர்களோடு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூரில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய கடையைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்புச் செங்கல்லில், சுருண்டு சுருண்டு ஏறுகிற சரிவுப் பாதைதான் கட்டிடமே. சுவரை ஒட்டி மேஜைகள், செங்கல் இடைவெளிகள் வழியே வெளிச்சம் துண்டு துண்டாக மேஜையில் விழும். சர்வர் அந்தச் சரிவில் தட்டோடு ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரு காப்பியோடு நான் அங்கே ரயிலுக்குக் காத்திருந்த பொழுதுகளில் யாரும் என்னை எழுப்பியதில்லை. நடத்துகிறவர்களே பரிமாறுகிறவர்களாகவும் இருப்பதால் வருகிற நிதானம் அது என்று நம்புகிறேன். நான்கு பேரும் சேர்ந்து ஒரு சனி ஞாயிறு ரயிலேறிப் போய்வாருங்கள்.

டீச்சர் சொல்வதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்கு மதிப்பு உண்டு. நாள் முழுக்கப் பாடத்திட்டம், தேர்ச்சி விகிதம் என்று வாழ்கிறவருக்கு ஒரு மணி நேரம் கணக்கில்லாமல் போவது உறுத்தத்தான் செய்யும். ஆனாலும் அவர் சொல்வதை ஏற்காதீர்கள். புத்தகம் படித்துவிட்டு வரவேண்டும் என்று வைத்தால், அந்த வாரம் படிக்க நேரமில்லாதவள் வரமாட்டாள். அவள்தான் அந்த வாரம் கட்டாயம் வந்திருக்க வேண்டியவள். மூச்சுவிட நேரமில்லாதவளுக்குத்தானே அந்த ஒரு மணி நேரம் தேவை? புத்தகம் பேச வேறொரு நாள் வையுங்கள், மாதம் ஒருமுறை.

சீட்டு வேண்டவே வேண்டாம். சீட்டு பிடித்த நிமிஷத்திலிருந்து வருவது கட்ட வேண்டிய பணத்துக்காக என்று ஆகும். ஒரு மாதம் கட்ட முடியாதவள் முகத்தைக் காட்டக் கூசுவாள். பழைய சிநேகிதங்கள் சீட்டில் முறிந்ததை நீங்களே நாலு பார்த்திருப்பீர்கள். கணக்கு எழுதுகிறவரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டிப் பேச்சு என்கிறார். என்ன பேசுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பையனின் மார்க், முழங்கால் வலி, ஆபீஸில் ஒருத்தன் பேசிய பேச்சு, பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சொன்னது, இதெல்லாம்தான் இருக்கும். அதையே திரும்பத் திரும்பப் பேசலாம். போன வாரம் முழங்கால் வலி என்றவள் இந்த வாரம் அதைப் பற்றி வாயைத் திறக்காவிட்டால் உங்களில் ஒருத்தியாவது கேட்பாள் இல்லையா? மாதம் ஒருமுறை போனில் பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. வாரா வாரம் முகம் பார்க்கிறவர்களுக்கே தெரியும்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, "ஒரு ஜாக்கெட் கூலிடி இது" என்பது. எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் அதை மறக்கவில்லை, எனக்கு எழுதவும் எழுதிவிட்டீர்கள். உங்களுக்கே விஷயம் புரிந்திருக்கிறது.

நின்று குடிக்கும் கடையில் சில்லறையோடு முடிகிற காப்பி, ஏ.சி. கஃபேயில் பல மடங்காகிவிடுகிறது. அங்கே பொழுதுபோக உட்கார விடுகிறார்கள், அதற்கான வாடகை அந்தக் கோப்பையில் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிற மூன்று பேருக்கு அது எப்போதாவது செய்கிற செலவு. துணி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை என்கிற தொழிலில் இருப்பவளுக்கு அப்படி அல்ல. "நான் தர்றேன்டி" என்று நீங்கள் கொடுத்துவிடலாம். ஒருமுறை வாங்கிக்கொள்வாள். இரண்டாம் முறை துணி நிறைய இருக்கிறது என்பாள். ஆகவே கடையைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். நால்வரில் யாருடைய கைப்பை லேசானதோ, அவள் தன் காசைத் தானே கொடுத்துவிட்டு நிம்மதியாக எழுந்திருக்கக்கூடிய கடையாக அது இருக்கட்டும். இதை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். அவளை வைத்துக்கொண்டு பேசவும் வேண்டாம். மற்ற மூன்று பேரும் தங்களுக்குள் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். யாருக்காவது பிறந்தநாள், பையனுக்கு வேலை கிடைத்தது என்றால் அன்றைக்கு ஏ.சி. கஃபே. அன்றைய செலவு கொண்டாடுகிறவளுடையது, அதில் யாருக்கும் கூச்சம் வராது.

மாமியார் படுக்கையில் இருக்கிறார் என்பது வேறு விஷயம். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பது லேசானதல்ல. திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், படுக்கைப் புண் வராமல் பார்க்க வேண்டும், பெட்பேன் வைக்க வேண்டும், நடுநடுவே மெஷினில் உட்கார்ந்து சொன்ன தேதிக்குத் துணியைக் கொடுக்க வேண்டும். அவளைச் சிம்மக்கல்லுக்கு வா, டவுன்ஹால் ரோட்டுக்கு வா என்று கூப்பிட்டால் எப்படி வருவாள்? இந்த மாதம் முழுக்க முறையை நிறுத்திவைத்துவிட்டு, அவள் தெருமுனையில் எந்தக் கடை இருக்கிறதோ அங்கே போங்கள். காப்பி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, டீக்கடையாக இருந்தாலும் பரவாயில்லை. பிளாஸ்கில் வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போக மட்டும் வேண்டாம். அப்படிப் போனால் நீங்கள் நோயாளி பார்க்க வந்தவர்கள் ஆகிவிடுவீர்கள், அவள் உங்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டுக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுப்படி இறங்கி வெளியே வர வேண்டும். அந்த அரைமணி நேரம் பெரியம்மாவோடு உங்களில் ஒருத்தி இருக்கட்டும். உங்களிடம்தான் ஒரு நர்ஸ் இருக்கிறாரே! முதல் வாரம் அவரே இருந்து, எப்படித் திருப்புவது, எங்கே தலையணை கொடுப்பது என்று மற்ற இரண்டு பேருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டால், அடுத்தடுத்த வாரங்களில் நீங்களும் டீச்சரும் மாறி மாறி இருக்கலாம். உருப்படியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று டீச்சர் கேட்டாரே, அவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை யாருடைய முறை என்று நீங்கள் எழுதவில்லை. யாருடையதாக இருந்தாலும், தையல் கடை இருக்கிற தெருவின் பெயரை வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். மணி ஐந்து வேண்டாம், மூன்றரை.

அன்புடன்,
அக்கா